பால் கேனில் புதைத்த சரித்திரம்

துப்பாக்கி ஏந்திப் போராடியவர்கள் பலர். காகிதங்களைச் சேர்த்து வைத்துப் போராடியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் இமானுவேல் ரிங்கல்பிளம். போலந்து நாட்டு யூதர். சரித்திர ஆசிரியர்.

அவர் சேர்த்தவை ராஜாக்களின் பட்டயங்கள் அல்ல. ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய் சுற்றிய தாள், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை ஆகியவற்றைச் சேர்த்தார். அதற்காக உயிரையே பணயம் வைத்தார்.

இளமை

ரிங்கல்பிளம் 1900-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி பூச்சாச் என்ற சிறு நகரில் பிறந்தார். அந்த ஊர் அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இப்போது உக்ரைன் நாட்டில் இருக்கிறது.

போலந்தின் தலைநகரான வார்சாவில் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1927-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பழங்கால வார்சாவில் யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே அவருடைய ஆராய்ச்சி. பிறகு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்தார். மனைவி பெயர் யூதித். ஒரே மகன் ஊரி.

ஏழைகளுக்கு உதவும் சங்கத்திலும் அவர் வேலை பார்த்தார். 1938-ல் ஜெர்மனியில் வசித்த போலந்து யூதர்களை ஹிட்லரின் ஆட்சி விரட்டியது. ஆயிரக்கணக்கானோர் எல்லையில் குளிரில் தவித்தார்கள். ரிங்கல்பிளம் அங்கே ஓடினார். 5 வாரம் தங்கி உதவி செய்தார். அவர்கள் பட்ட துயரத்தைக் கேட்டுக் குறித்தும் வைத்தார்.

மதிலுக்குள் 4 லட்சம் பேர்

1939 செப்டம்பர் 1-ந் தேதி ஜெர்மனி போலந்து மீது படையெடுத்தது. வார்சா வீழ்ந்தது. 1940 நவம்பரில் அந்நகர யூதர்களை ஒரே பகுதியில் அடைத்து, சுற்றிலும் மதில் எழுப்பிவிட்டார்கள். உள்ளே 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். பசியாலும் விஷக் காய்ச்சலாலும் மக்கள் தெருவிலேயே விழுந்து இறந்தார்கள்.

ரிங்கல்பிளம் பகலில் கஞ்சித் தொட்டி நடத்தும் வேலையைக் கவனித்தார். இரவில், அன்று கண்டதையும் கேட்டதையும் எழுதினார்.

சனிக்கிழமைக் கூட்டம்

இது ஒருவர் மட்டும் செய்யும் வேலை அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. நம்பிக்கையான சிலரைச் சேர்த்தார். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று ரகசியமாகக் கூடினார்கள். தங்கள் குழுவுக்கு "ஓய்னெக் ஷாபெஸ்" என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு நாளின் மகிழ்ச்சி என்று பொருள். கேட்பவருக்குச் சந்தேகம் வராது அல்லவா?

ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், மத குருமார்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். ராகேல் ஆவர்பாக் என்ற பெண் எழுத்தாளர் ஒரு கஞ்சித் தொட்டியை நடத்தினார். அங்கே வருகிறவர்களைப் பற்றி அவர் எழுதினார்.

ரிங்கல்பிளம் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். மிகைப்படுத்தி எழுதக் கூடாது. தம் மக்கள் செய்த தவறுகளையும் மறைக்கக் கூடாது. ஒரே சம்பவத்தைப் பலரும் எழுத வேண்டும். அப்போதுதான் உண்மை தெரியும்.

எதிரி வென்றுவிட்டால் யூதர்களின் கதையை அவனே எழுதுவான். அப்படி நடக்கவிடக் கூடாது. இதுவே அவருடைய எண்ணம்.

லண்டனுக்குப் போன செய்தி

1942 தொடக்கத்தில் ஒருவர் வார்சாவுக்குத் தப்பி வந்தார். ஹெல்ம்னோ என்ற இடத்தில் யூதர்களை வண்டியில் அடைத்து, விஷப் புகையால் கொல்வதைக் கண்ணால் கண்டவர் அவர். குழுவினர் அவர் சொன்னதை முழுவதும் எழுதிக்கொண்டு, ரகசிய வழியில் வெளியே அனுப்பினார்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் லண்டன் ரேடியோ, போலந்து யூதர்கள் கொல்லப்படுவதை ஒலிபரப்பியது. பட்ட பாடு வீண் போகவில்லை என்று ரிங்கல்பிளம் மகிழ்ந்தார். ஆனால் கொலை நிற்கவில்லை.

மண்ணுக்கு அடியில்

1942 ஜூலை 22-ந் தேதி மதிலுக்குள் இருந்தவர்களை ரெயிலில் ஏற்றத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 2 மாதத்தில் 2½ லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்குப் போனார்கள்.

காகிதங்களைக் காப்பாற்ற வேண்டும். ஆகஸ்டு 3-ந் தேதி இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியரும் 2 மாணவர்களும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் 10 தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். மாணவர்களில் ஒருவனுக்கு வயது 19. தங்களைப் பற்றியும் சில வரிகள் எழுதிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

1943 பிப்ரவரியில் மீதிக் காகிதங்களை 2 பெரிய பால் கேன்களில் அடைத்து அங்கேயே புதைத்தார்கள்.

கடைசி நாட்கள்

பிறகு ரிங்கல்பிளம் குடும்பத்துடன் மதிலுக்கு வெளியே தப்பினார். வோல்ஸ்கி என்ற போலந்துத் தோட்டக்காரர், செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகைக்கு அடியில் பதுங்கு குழி அமைத்து, சுமார் 40 பேரை மறைத்து வைத்திருந்தார்.

1943 ஏப்ரலில் ரிங்கல்பிளம் மீண்டும் மதிலுக்குள் சென்றார். பிடிபட்டு, தொழிலாளர் முகாமில் அடைக்கப்பட்டார். ஒரு போலந்துக்காரரும் ஒரு யூதப் பெண்ணும் அவருக்கு ரெயில்வே தொழிலாளி வேடம் போட்டு மீட்டு வந்தார்கள். குழிக்குத் திரும்பியவர் அங்கேயும் எழுதிக்கொண்டே இருந்தார்.

1944 மார்ச் 7-ந் தேதி அந்த இடத்தை ஜெர்மானியர் கண்டுபிடித்துவிட்டார்கள். சில நாட்களில் ரிங்கல்பிளம், மனைவி, சிறுவன் ஊரி அனைவரும் கொல்லப்பட்டார்கள். இடம் கொடுத்த வோல்ஸ்கியும் கொல்லப்பட்டார். அப்போது ரிங்கல்பிளத்துக்கு வயது 43.

கிடைத்த புதையல்

யுத்தம் முடிந்தபோது குழுவில் இருந்த சுமார் 60 பேரில் 3 பேரே உயிரோடு இருந்தார்கள். ராகேல் ஆவர்பாக், குழுவின் செயலாளர் ஹெர்ஷ் வாசர், அவர் மனைவி புளூமா ஆகியோர் அவர்கள். தோண்ட வேண்டும் என்று ராகேல் விடாமல் வற்புறுத்தினார். இடம் வாசருக்குத் தெரியும். ஆனால் தெருவே இல்லை. எங்கும் இடிபாடு.

1946 செப்டம்பர் 18-ந் தேதி தகரப் பெட்டிகள் கிடைத்தன. தண்ணீர் புகுந்து பல காகிதங்கள் கெட்டிருந்தன. 1950 டிசம்பர் 1-ந் தேதி கட்டட வேலைக்குத் தோண்டிய தொழிலாளர்கள் பால் கேன்களைக் கண்டார்கள். உள்ளே காகிதங்கள் நன்றாக இருந்தன. வேறோர் இடத்தில் புதைத்த மூன்றாவது பகுதி மட்டும் கிடைக்கவே இல்லை.

கிடைத்தவை சுமார் 35 ஆயிரம் பக்கங்கள். வார்சாவில் உள்ள யூத சரித்திரக் கழகத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. 1999-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ, உலக நினைவுப் பட்டியலில் அவற்றைச் சேர்த்தது.

அந்த மதிலுக்குள் இருந்து இறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை கிடையாது. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தார்கள், எதை எண்ணி அழுதார்கள் என்பதை இன்று அந்தக் காகிதங்கள்தான் சொல்லுகின்றன. குப்பை என்று யாரும் எறிந்துவிடக் கூடிய காகிதங்கள் அவை.