நெருப்பின் எல்லையைக் கண்டவர்

பாரசீகத்து ஷீராஸ் நகரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருங்கவிஞர் ஸாதியின் பெயரைப் பிரெஞ்சுத் தந்தை ஒருவர் தம் மகனுக்குச் சூட்டினார். தந்தை லசார் கார்னோ கணித அறிஞர், பிரெஞ்சுப் புரட்சிப் படைகளை ஒழுங்குபடுத்தியவர், கவிதையில் தோய்ந்தவர். மகன் ஸாதி கார்னோ 1796 ஜூன் 1ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். 16ஆம் வயதில் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, பின்னர் இராணுவப் பொறியாளரானார். 1815இல் நெப்போலியன் வீழ்ந்தபின் தந்தை நாடு கடத்தப்பட்டார். பெருமை தந்த குடும்பப் பெயரே மகனுக்குச் சுமையாயிற்று.

அரைச் சம்பள விடுப்பில் பாரிஸில் தங்கிய ஸாதி, நீராவி இயந்திரத்தை ஆராயத் தலைப்பட்டார். நீராவிக்கு மாற்றாகக் காற்றையோ சாராய ஆவியையோ கொண்டால், எரிக்கும் கரிக்குக் கூடுதல் வேலை கிட்டுமா என்பது அக்காலத்து வினா. 1824இல் சொந்தச் செலவில் வெளியிட்ட சிறு நூலொன்றில் அவர் விடை பகர்ந்தார். அதற்கெனப் புதிய இயந்திரம் எதையும் அவர் கட்டவில்லை. தருக்கமே அவருக்குக் கருவியாயிற்று.

அருவி நீர் விழுந்து சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு இறங்குகையில் வேலை பிறக்கிறது என்று அவர் கொண்டார். இழப்பு சிறிதுமற்ற இயந்திரம் ஒன்றைக் கற்பித்துக்கொண்டார். முன்னோக்கி ஓடினால் அது வேலை தரும். அதே வேலையைச் செலவிட்டுப் பின்னோக்கி ஓட்டினால், இறங்கிய வெப்பம் மீண்டும் மேலேறும். இதனை விஞ்சும் வேறோர் இயந்திரம் உண்டெனில், அது தரும் வேலையில் ஒரு பகுதியைக் கொண்டு முதல் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, வெப்பம் அனைத்தையும் பழைய இடத்திலேயே சேர்த்துவிடலாம். எஞ்சும் வேலையோ ஒன்றுமில்லாததிலிருந்து வந்ததாகும். அது நடவாதது, ஆகவே அத்தகைய இயந்திரமும் இல்லை. வேலையின் உச்ச எல்லையை இரு வெப்பநிலைகளே வகுக்கின்றன. நீராவியோ காற்றோ அதனை மாற்றா.

நூலை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1832 ஆகஸ்ட் 24ஆம் நாள், 36ஆம் வயதில், ஸாதி காலராவுக்கு இரையானார். உடைமைகளோடு அவருடைய தாள்கள் பலவும் அழிந்தன. 1834இல் கிளாப்பெரோன் அவருடைய வாதத்திற்குக் கணித வடிவம் தந்தார். பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன், 1845இல் பாரிஸ் புத்தகக் கடைகளில் அந்நூலைத் தேடி ஏமாந்தார். எனினும் 1848இல் அக்கருத்தின் மீதே தனி வெப்பநிலை அளவை எழுப்பினார்.

இதற்குள் அடித்தளம் ஆட்டங்கண்டிருந்தது. வெப்பம் அழியாத ஒரு பாய்மம் என்று நூலில் ஸாதி கொண்டிருந்தார். வேலை வெப்பமாக மாறுவதை 1840களில் ஜூல் அளந்து காட்டினார். எடுகோள் வீழ்ந்தால் முடிவும் வீழ வேண்டுமன்றோ? 1850இல் கிளாசியஸ் அம்முடிவைக் காத்தார். குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாக ஏறாது என்னும் புதிய அடித்தளத்தின் மீது அதே வாதத்தை நிறுத்தினார். அதே எல்லை மீண்டும் கிட்டியது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அவ்வாறு உருப்பெற்றது.

எஞ்சிய குறிப்புகளைத் தம்பி இப்போலித் 1878இல் வெளியிட்டார். வெப்பம் இயக்கமே என்னும் முடிவுக்கு ஸாதி தாமே வந்திருந்ததையும், வெப்பத்திற்கு ஈடான வேலையைக் கணக்கிட்டிருந்ததையும் உலகம் அப்போதுதான் அறிந்தது. வெப்பத்தால் எது ஆகாது என்பதைத் தருக்கம் அவருக்கு உணர்த்தியிருந்தது. வெப்பம் யாது என்பதை அறியச் செய்ய வேண்டிய சோதனைகளை அவர் அக்குறிப்புகளில் வரிசைப்படுத்தி வைத்திருந்தார்.