எம்டன் கேப்டன் முல்லர்!

குழந்தைகளே, துணிச்சலும் தந்திரமும் நிறைந்த ஆளைப் பார்த்து, அவன் சரியான எம்டன் என்று தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் குறும்பு செய்த எத்தனையோ பையன்களை நானும் அப்படி அழைத்திருக்கிறேன். எம்டன் என்பது ஆளின் பெயர் அல்ல. ஜெர்மனியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த ஊரின் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கு வைத்தனர். அதன் மாலுமிகள் அணிந்த வட்டத் தொப்பியைச் சுற்றி ஒரு கறுப்பு ரிப்பன் இருக்கும். அந்த ரிப்பனில் கப்பலின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்தக் கப்பலின் கேப்டன்தான் கார்ல் வான் முல்லர்.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில், 1873ம் ஆண்டு ஜூன் 16ல் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. மகனும் முதலில் ராணுவப் பள்ளியில்தான் சேர்ந்தார். ஆனால், கடல் அவரை இழுத்தது. 1891ல் கடற்படைக்கு மாறினார். ஜெர்மனியின் வசம் இருந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியில் பணியாற்றியபோது, மலேரியா காய்ச்சல் தொற்றியது. இந்தக் காய்ச்சலை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசி வரை அவரை அது விடவே இல்லை.

முல்லர் கூச்ச சுபாவம் உடையவர். அதிகம் பேச மாட்டார். வேலையில் மட்டும் ஒரு குறையும் காண முடியாது. 1913ல் எம்டனின் கேப்டன் ஆனார்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. அப்போது எம்டன், சீனக் கடல் பக்கம் இருந்தது. ஜெர்மன் கப்பல்கள் எல்லாம் ஒன்றாகச் செல்ல முடிவு செய்தபோது, ஒரே ஒரு கப்பலை மட்டும் இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம் என யோசனை கூறினார் முல்லர். அந்த வேலை அவருக்கே கிடைத்தது.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். மரச்சட்டத்தாலும் துணியாலும் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி செய்து நிறுத்தினர். தூரத்தில் இருந்து பார்த்தால், பிரிட்டிஷ் கப்பல் போலவே தெரியும். வங்கக் கடலில் ஒன்றன் பின் ஒன்றாகச் சரக்குக் கப்பல்கள் அகப்பட்டன. அவற்றில் இருந்த மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிய பிறகுதான், கப்பலை மூழ்கடிக்க உத்தரவிடுவார் முல்லர். கபிங்கா என்ற பிரிட்டிஷ் கப்பலில், அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தனர். அந்தக் கப்பலை மூழ்கடிக்காமல், பிடிபட்ட மற்ற மாலுமிகளையும் அதிலேயே ஏற்றி அனுப்பி விட்டார். புறப்படும்போது அவர்கள், எதிரிக் கப்பலான எம்டனை நோக்கி வாழ்த்துக் குரல் எழுப்பினராம்!

1914 செப்டம்பர் 22, இரவு 9:30 மணி இருக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது எம்டன். போர்க்காலமாக இருந்தும் நகரில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அப்போது கலங்கரை விளக்கம், உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. அதுவும் வழி காட்டுவது போல ஒளி வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து, ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டது எம்டன். தொட்டிகள் தீப்பற்றின, சிலர் உயிரிழந்தனர். பயந்து போன மக்கள், மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டே வெளியேறினர்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நம் செண்பகராமன் பிள்ளை, எம்டன் கப்பலில் வந்து குண்டு போட்டார் என்று ஒரு கதை உண்டு. சின்ன வயதில் நானும் நம்பியிருக்கிறேன். அவர் பெரிய தேசபக்தர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், அந்தச் சமயத்தில் அவர் இருந்தது ஐரோப்பாவில்.

அக்டோபரில், டீகோ கார்சியா என்ற குட்டித் தீவுக்குச் சென்றது எம்டன். உலகப்போர் துவங்கிய செய்தியே அங்கு இருந்தவர்களுக்குத் தெரியாது! முல்லரும் சொல்லவில்லை. கப்பலைச் சுத்தம் செய்துகொண்டு, தீவுக்காரர்களின் பழுதான மோட்டார் படகையும் சரி செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அம்மாத இறுதியில், மலேயாவின் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும், வெளியே வந்ததும் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தார். நீரில் தத்தளித்த 36 பிரெஞ்சு மாலுமிகளைத் தூக்கிக் காப்பாற்றியதும் அவர்தான்.

1914 நவம்பர் 9ல் அதிர்ஷ்டம் கைவிட்டது. கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க, 50 பேர் கொண்ட ஒரு குழுவை இறக்கினார் முல்லர். அவர்கள் இறங்கும் முன்பே, சந்தேகத்துக்குரிய கப்பல் வந்திருக்கிறது என்று செய்தி அனுப்பி விட்டனர் நிலையத்தார். அருகில் சென்று கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை. எட்டும் தூரமும் அதிகம். எம்டன் சல்லடையாகத் துளைக்கப்பட்டது. மூழ்கினால் எல்லாரும் சாவார்கள் என்று உணர்ந்த முல்லர், கப்பலைப் பக்கத்துத் தீவின் பவளப்பாறை மீது ஏற்றி நிறுத்தினார். 130க்கும் மேற்பட்ட அவரது வீரர்கள் இறந்தனர். காயம்பட்டவர்கள் குடிநீர் இல்லாமல் மறுநாள் வரை தவித்தனர்.

சிட்னி கப்பல் கைதிகளைக் கொழும்புக்கு ஏற்றி வந்தது. வெற்றி பெற்ற கப்பல் அல்லவா? துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் இருந்த வீரர்கள் ஆரவாரம் செய்யக் காத்திருந்தனர். ஆனால், காயம்பட்ட ஜெர்மானியர்கள் உள்ளே இருப்பதால் யாரும் ஆரவாரம் செய்யக்கூடாது என்று கேட்டுக் கொண்டார் சிட்னியின் கேப்டன் கிளாசப். அமைதியாகவே கப்பல் நுழைந்தது.

கடற்படை அதிகாரியின் சீருடையில் இடுப்பு வாளும் சேர்ந்தது. கைதியானால் வாளை ஒப்படைக்க வேண்டும். முல்லரும் அவருடைய அதிகாரிகளும் தங்கள் வாளை வைத்துக் கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் கடற்படையே அனுமதித்தது.

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் சிறை வைக்கப்பட்டார். 1916 அக்டோபரில், அவரை மட்டும் தன் ஆட்களிடம் இருந்து பிரித்து, இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். சட்டன் போனிங்டன் என்ற ஊரில், வேளாண்மைக் கல்லூரிக்காகக் கட்டிய கட்டடம் கைதிகள் முகாமாக இருந்தது. ஜெர்மன் அதிகாரிகள் அங்கே ரகசியமாகச் சுரங்கம் தோண்டினர். 1917 செப்டம்பரில், 20க்கும் மேற்பட்டோர் அதன் வழியே தப்பினர். தலைமை ஏற்றவர் யார் தெரியுமா? முல்லர்தான்! ஆனாலும் பிடிபட்டு விட்டார். அந்தக் கட்டடங்களில் இப்போது நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மாணவர்கள் படிக்கின்றனர்.

இங்கிலாந்தின் குளிரும் ஈரமும் பழைய மலேரியாவைக் கிளப்பி விட்டன. உடல் மிகவும் மோசமானதால், 1918 துவக்கத்தில் சிகிச்சைக்காக நெதர்லாந்துக்கு அனுப்பினர். அதே ஆண்டு, ஜெர்மனியின் மிக உயர்ந்த வீர விருது அவருக்குத் தரப்பட்டது. அக்டோபரில் தாய்நாடு திரும்பினார். உடல்நிலை காரணமாக 1919ல் ஓய்வு பெற்றார். 1920ல் திருமணம், இரண்டு மகள்கள் பிறந்தனர்.

எம்டன் கதையைப் புத்தகமாக எழுதச் சொல்லிப் பலர் கேட்டனர். எழுதியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். இறந்துபோன தோழர்களின் ரத்தத்தைக் காசாக்குவது போலத் தோன்றுகிறது என்று கூறி, மறுத்து விட்டார்.

1923 மார்ச் 11ல் திடீரென இறந்தார். வயது 49. காய்ச்சலால் நலிந்த உடல், அதற்கு மேல் தாங்கவில்லை.

உயிர் பிழைத்த எம்டன் வீரர்கள், தங்கள் குடும்பப் பெயருடன் எம்டன் என்ற சொல்லையும் சேர்த்துக் கொள்ள, ஜெர்மன் அரசு பின்னாளில் அனுமதி தந்தது. தொப்பி ரிப்பனில் இருந்த பெயர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயரிலும் ஏறியது.

சென்னைக்குப் போனால், உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரைப் பாருங்கள். எம்டன் குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று, அங்கே பதிக்கப்பட்டிருக்கிறது.