தலைப்பாகையோடு விண்ணில் பறந்த வீரர்
சர்தார் ஹர்தித் சிங் மாலிக் (1894 – 1985)

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியரின் எம்டன் என்னும் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டுமாரி பொழிந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. எதற்கும் துணிந்தவனை எம்டன் என்று நம் தெருக்களில் சொல்லும் வழக்கம் அன்று பிறந்ததுதான். முதல் உலகப் போர் நம் கரைக்கு வந்து போன கதை இவ்வளவே. ஆனால் அதே போரில், கடல்கள் பல தாண்டி, பிரான்சு, பெல்ஜியம் நாடுகளின் வானில் நம் நாட்டு இளைஞர் சிலர் விமானம் ஓட்டிப் போரிட்டனர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்களுள் ஒருவரான சர்தார் ஹர்தித் சிங் மாலிக் அவர்களின் வாழ்க்கையை, நம் பங்கின் இளைஞர்கள் பொருட்டு இம்மலரில் சுருக்கமாகத் தர விழைகின்றோம்.

இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில், 1894ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், வசதி படைத்த ஒரு சீக்கியக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பதினான்கு வயதிலேயே படிப்பிற்காகத் தனியே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஈஸ்ட்போர்ன் கல்லூரிப் பள்ளியில் பயின்று, 1912இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். படிப்பைப் போலவே விளையாட்டும் அவருக்கு உயிர். கிரிக்கெட்டில் சசெக்ஸ் மாவட்ட அணிக்காக 1914இல் ஆடும் அளவுக்குத் தேர்ந்தவர். கோல்ஃப் ஆட்டத்திலும் வல்லவர். அந்நிய மண்ணில், தாடியோடும் தலைப்பாகையோடும் ஆடுகளத்தில் இறங்கிய அந்த இளைஞரைக் கண்டு வியந்தவர்கள் பலர்.

அந்தக் கோடைக்காலம் முடியுமுன் போர் மூண்டது. உடன் படித்த ஆங்கிலேய நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படையில் அதிகாரிகளாகச் சேர்ந்து புறப்பட்டனர். மாலிக்கும் முன்வந்தார். அவருக்கோ கதவு திறக்கவில்லை. ஒரே வகுப்பில் படித்து, ஒரே மேசையில் உண்டு, ஒரே அணியில் ஆடியவர்தாம். ஆயினும் இந்தியர் என்ற ஒரே காரணத்தால் அதிகாரி பதவி மறுக்கப்பட்டது. மருத்துவமனையில் எடுபிடி ஊழியராக இருக்கலாம் என்றார்கள். ஆடுகளத்தில் தோளில் கை போட்டவர்கள், பதவி என்று வரும்போது தோலின் நிறம் பார்த்தார்கள். அன்புக்குரிய இளைஞர்களே, தகுதி இருந்தும் பிறந்த இடத்தையும் குலத்தையும் கேட்டுக் கதவைச் சாத்தும் வழக்கம் புதிதன்று என்பதை இங்கே நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வேளையில் அவருக்குக் கை கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் பிரான்சிஸ் உர்க்கார்ட். அவர் ஒரு கத்தோலிக்கர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பதினாறாம் நூற்றாண்டுச் சமயப் பிளவுக்குப் பின் கத்தோலிக்கருக்கு மூடிக் கிடந்த ஆக்ஸ்போர்டில், ஆசிரியப் பொறுப்புடன் கல்லூரி உறுப்பினராக அமர்ந்த முதல் கத்தோலிக்கர் அவரே. மூடிய கதவின் வேதனையை அறிந்த சமூகத்தில் பிறந்தவர், மற்றொருவருக்காகக் கதவைத் தட்டினார். 1916இல் பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் மாலிக்குக்கு இடம் பெற்றுத் தந்தார். பிரான்சு நாட்டின் கொன்யாக் நகரில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியை ஓட்டினார் மாலிக்.

அங்கிருந்தபடியே பிரெஞ்சு விமானப் படையில் சேர அவர் முயன்றபோது, அவர்கள் இசைவு தெரிவித்தனர். செய்தி அறிந்த உர்க்கார்ட் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் விமானப் படையின் தலைவராயிருந்த தளபதி டேவிட் ஹெண்டர்சனுக்குக் கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட ஒருவனை நேச நாடான பிரான்சு ஏற்கும்போது, நாம் மறுப்பது நமக்கே இழுக்கல்லவா என்ற பொருளில் அந்தக் கடிதம் அமைந்தது. அது வேலை செய்தது. தளபதி மாலிக்கை நேரில் அழைத்துப் பேசினார். 1917 ஏப்ரல் 5ஆம் நாள், அந்த விமானப் படையில் அதிகாரியாக நியமனம் பெற்ற மிகச் சில இந்தியருள் ஒருவரானார் மாலிக்.

ஆனால் உள்ளே நுழைந்த பிறகும் ஒரு சோதனை காத்திருந்தது. படைக்குரிய தொப்பியை அணிய வேண்டும் என்றார்கள் பயிற்சி முகாமில். வெட்டாத முடியும் தலைப்பாகையும் சீக்கியருக்குச் சமயக் கடமை. எத்தனையோ போராடிப் பெற்ற பதவி! ஒரு தொப்பிக்காகவா அதை இழப்பது என்று நம்மில் பலர் நினைத்திருப்போம். மாலிக் அப்படி நினைக்கவில்லை. பணிவோடு, ஆனால் உறுதியோடு மறுத்தார். இறுதியில் படைதான் வளைந்து கொடுத்தது. தலைப்பாகையின் மேல் பொருந்தும் அளவுக்குப் பெரிய தோல் தலைக்கவசம் ஒன்றைத் தனியே செய்வித்து, அதை அணிந்து பறந்தார். அந்த விந்தையான தோற்றத்தைக் கண்டு தோழர்கள் செல்லமாகப் பட்டப்பெயர் சூட்டினர், அவரும் சிரித்துக்கொண்டார்.

அக்காலத்து விமானம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மரச் சட்டங்களின் மேல் துணி போர்த்தி, கம்பிகளால் இழுத்துக் கட்டியது. பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட் கிடையாது. மாலிக் ஓட்டிய சாப்வித் கேமல் விமானத்தின் சுழல் எஞ்சினுக்கு உராய்வு எண்ணெயாக ஊற்றியது, நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெய்! அது ஆவியாகவும் துளியாகவும் விமானியின் முகத்தில் வந்து அடித்துக்கொண்டே இருக்கும்.

28ஆம் படைப்பிரிவில் சேர்ந்த மாலிக், 1917 அக்டோபரில் போர்முனையை அடைந்தார். அவருடைய அணித் தலைவர் வில்லியம் பார்க்கர் என்னும் கனடா நாட்டவர். பின்னாளில் விக்டோரியா சிலுவை என்ற மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றவர். டொராண்டோ மேப்பிள் லீப்ஸ் என்ற புகழ்பெற்ற பனி ஹாக்கிக் கழகத்தின் முதல் தலைவராக இருந்தவரும் இவரே.

அக்டோபர் 26ஆம் நாள். வானம் மூடிக் கிடந்தது. கொண்டல் கறுத்து நிற்கும் நாளில் கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பது நம் குப்பத்து அனுபவ அறிவு. அன்று விமானங்களோ காத்திருக்கவில்லை. பார்க்கருடன் புறப்பட்ட மாலிக், எதிரி விமானங்களின் பெரும் கூட்டத்தின் நடுவே சிக்கினார். இரண்டு குண்டுகள் அவருடைய வலது காலில் பாய்ந்தன. பெட்ரோல் தொட்டியும் துளைபட்டது. தீப்பற்றினால் சாம்பல்தான் மிஞ்சும். இரத்தம் வழிய, தாழப் பறந்து, நேச நாட்டுப் படைகளின் எல்லைக்குள் வந்து விழுந்தார். விமானத்தில் 400க்கும் மேற்பட்ட குண்டுத் துளைகள் இருந்தனவாம்! காலில் புகுந்த குண்டுகளை முழுவதுமாக எடுக்க இயலவில்லை. அவை இறுதிவரை அவரோடு இருந்தன.

அதன் பிறகும் அவர் இத்தாலியப் போர்முனைக்குச் சென்றார். விளக்கெண்ணெய் அவர் உடலுக்கு ஒவ்வாமற்போகவே, வேறு வகை எஞ்சின் கொண்ட பிரிஸ்டல் விமானத்துக்கு மாறிப் போர் முடியும்வரை பறந்தார். அவரைப் போல் விமானியரான இந்தியருள், பத்து எதிரி விமானங்களை வீழ்த்திய வங்காளத்து இந்திரலால் ராய் 1918 ஜூலை 22இல் வானிலேயே மடிந்தார். பம்பாயைச் சேர்ந்த வெலிங்கரும் அதே ஆண்டில் உயிர் துறந்தார். வயது வந்த பிள்ளையைப் போருக்கோ கடலுக்கோ அனுப்பிவிட்டு வழி பார்த்திருக்கும் தாய்மாரின் துயரம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

போருக்குப் பின் மாலிக் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். 1944 முதல் 1947 வரை பாட்டியாலா சமஸ்தானத்தின் பிரதம அமைச்சராக இருந்தார். நாடு விடுதலை பெற்றபோது, அவர் பிறந்த ராவல்பிண்டி வேற்று நாடாகிவிட்டது. அதே 1947இல் சுதந்திர இந்தியா அவரைக் கனடாவுக்கு முதல் ஹை கமிஷனராக அனுப்பியது. இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். 1914இல் கோமகட்டா மாரு என்ற கப்பலில், பெரும்பாலும் சீக்கியராக இருந்த 376 இந்தியர் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தபோது, ஒரு சிலரைத் தவிர மற்றவர்களைக் கரையிறங்க விடாமல் திருப்பி அனுப்பிய நாடு அது. அந்த நாட்டில் தலைப்பாகை அணிந்த ஒருவர் நம் நாட்டின் பிரதிநிதியாக மரியாதையுடன் வரவேற்கப்பட்டார்.

பின்னர் 1949 முதல் 1956 வரை பிரான்சு நாட்டில் நம் தூதராகப் பணியாற்றினார். நம் அண்டை மண்ணான புதுச்சேரியின் நிர்வாகம், போரின்றி 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவின் கைக்கு வந்தது அந்த ஆண்டுகளில்தான். எந்த நாட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டினாரோ, அந்த நாட்டிலேயே தூதராக அமர்ந்தார்!

ஓய்வுக்குப் பிறகும் அவர் கோல்ஃப் மட்டையைக் கீழே வைக்கவில்லை. காலில் குண்டோடு முதுமையிலும் ஆடிக்கொண்டிருந்தார். 1985 அக்டோபர் 31ஆம் நாள், 91 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருக்க, இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதி வைத்த நினைவுகள் மறைவுக்குப் பின் நூலாக வெளிவந்தன.

இவ்வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது என்ன? பிறர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக நம் விசுவாசத்தின் அடையாளத்தை மறைக்க வேண்டியதில்லை என்பது ஒன்று. குப்பத்துப் பிள்ளை என்று முகவரியைப் பார்த்தே ஒதுக்கும் இடங்களை நம் இளைஞர்களும் சந்திக்கிறார்கள். அங்கே தலை குனியாமல், திறமையை வளர்த்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் கதவைத் தட்டுங்கள். மற்றொன்று, நம்மில் பெரியவர்களுக்கு உரியது. ஓர் உர்க்கார்ட் எழுதிய ஒரு கடிதம் இல்லாவிடில், இந்த மாலிக்கை உலகம் அறிந்திராது. நம் பங்கிலுள்ள ஏழை மாணவனுக்காக ஒரு விண்ணப்பம் எழுதவும், ஓர் அலுவலகப் படியேறவும் நாம் தயங்கலாமா? ஜூபிலி என்பது கட்டுண்டோர்க்கு விடுதலை அறிவிக்கும் ஆண்டு என்று நம் மறைநூல் கற்பிக்கிறது. ஒரு பிள்ளைக்காவது ஒரு கதவைத் திறந்து வைப்போமானால், இந்த விழா பொருளுள்ளதாகும்.