உயரம் 5 அடி 5 அங்குலம்... ஒரே ஆட்டத்தில் 58 புள்ளி! 32 வயதில் புற்றுநோய்க்கு பலியான கூடைப்பந்து வீராங்கனை கிம் பெரோ

ஓசூர்:

நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பள்ளி, கல்லூரி கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கண்ணில் படுவது உயரம்தான். நெட்டையா இருக்கிற பொண்ணுக்கு முன்வரிசை. குட்டையா இருந்தா எவ்வளவு வேகமா ஓடினாலும் ஓரமா நிக்க வேண்டியதுதான்.

அதையும் தாண்டி கல்லூரி டீமில் 3 வருஷம் ஆடி முடிச்சா அடுத்த கவலை வந்துடும். டிகிரி கையில் வந்ததும் பந்து பரண் மேல ஏறிடும். பொண்ணு சிப்காட் கம்பெனி பஸ்சிலோ, பெங்களூரு பஸ்சிலோ ஏறிடுவா. அதோட ஆட்டம் முடிஞ்சது.

இந்த 2 சிக்கலையும் சந்தித்து, 2 லேயும் ஜெயித்த ஒரு கல்லூரி வீராங்கனை அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் கிம் பெரோ. ஆனால் ஜெயித்த கையோடு நோய் வந்து 32 வயதில் அவரை கொண்டு போய்விட்டது. அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், அங்கே பெண்கள் கூடைப்பந்து லீக்கில் வருஷா வருஷம் அவர் பெயரில் விருது கொடுக்கிறார்கள்.

சொந்த ஊர் கல்லூரி

கிம் பெரோ 1967-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள லூசியானா மாநிலம் லபாயெட் நகரில் பிறந்தவர். கருப்பின பெண். வளர்ந்த பிறகும் அவரது உயரம் 5 அடி 5 அங்குலம்தான். நம்ம ஊர் கணக்குக்கே அது பெரிய உயரம் இல்லை. 6 அடி, 6½ அடி பெண்கள் ஆடும் அமெரிக்க கூடைப்பந்தில் சொல்லவே வேண்டாம்.

பள்ளி முடித்ததும் சொந்த ஊரிலேயே இருந்த தென்மேற்கு லூசியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெரிய பேர் எடுத்த அணி கிடையாது. (அந்த பல்கலைக்கழகத்துக்கு 1999-ல் பெயர் மாறி, இப்போது லபாயெட் லூசியானா பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படுகிறது.)

அங்கே 1986 முதல் 1990 வரை 4 ஆண்டுகள் ஆடினார். அவர் ஆடிய இடம் பாயிண்ட் கார்டு. அதாவது பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறி, யாருக்கு எப்போ கொடுக்கணும் என்று தீர்மானிக்கிற ஆள். லாரிக்கு டிரைவர் மாதிரி, அணிக்கு பாயிண்ட் கார்டு.

ஒரே ஆட்டத்தில் 58

கடைசி ஆண்டில்தான் நாடே அவரை திரும்பி பார்த்தது. 1989-90 சீசனில் 28 ஆட்டங்களில் 839 புள்ளிகள் எடுத்தார். ஆட்டத்துக்கு சராசரி 30 புள்ளி. அந்த சீசனில் அமெரிக்காவின் முதல்நிலை கல்லூரி வீராங்கனைகளில் அவருக்குத்தான் முதல் இடம்.

தென்கிழக்கு லூசியானா அணிக்கு எதிராக 1990-ல் ஆடிய ஒரு ஆட்டத்தில் மட்டும் தனி ஆளாக 58 புள்ளி குவித்தார். நம்ம பக்கம் கல்லூரி போட்டிகளில் ஒரு அணி முழுசா சேர்ந்து 58 புள்ளி எடுத்தாலே நல்ல ஸ்கோர் என்று சொல்வார்கள். அதை வைத்தே இதன் அருமையை புரிந்து கொள்ளலாம்.

படிப்பு முடிந்தது... அடுத்து?

இவ்வளவு ஆடியவருக்கு கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் ஆடுவதற்கு உள்நாட்டில் இடமே இல்லை. ஆண்களுக்கு என்.பி.ஏ. லீக் இருந்தது, கோடி கோடியாக பணமும் இருந்தது. பெண்களுக்கு முன்பு ஆரம்பித்த லீக்குகள் எல்லாம் சீக்கிரமே மூடப்பட்டன. 1990-ல் அமெரிக்காவிலேயே அதிக புள்ளி சராசரி வைத்திருந்த கல்லூரி பெண்ணின் நிலைமை இதுதான்.

வேறு வழி இல்லாமல் பெரோ கடல் கடந்து போய் ஐரோப்பாவில் கிளப் அணிகளுக்கு ஆடினார். வேறு நாடு, வேறு பாஷை. ஆனாலும் பந்தை மட்டும் கீழே வைக்கவில்லை. இப்படியே 6, 7 வருஷம் ஓடிப்போச்சு.

1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க பெண்கள் அணி தங்கம் வென்றது. பெண்கள் ஆட்டத்துக்கும் கூட்டம் வரும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த ஆண்டே ஒரு லீக் தொடங்கியது. என்.பி.ஏ. ஆதரவோடு டபிள்யூ.என்.பி.ஏ. என்ற லீக் 1997 ஜூன் 21-ந் தேதி 8 அணிகளோடு தொடங்கியது.

யாரும் எடுக்கவில்லை

புது லீக்குக்கு வீராங்கனைகளை தேர்வு செய்தபோது பெரோ பெயரை ஒரு அணி கூட சொல்லவில்லை. அப்போது அவருக்கு வயது 30. ஒலிம்பிக் வீராங்கனைகள், கல்லூரியில் இருந்து அப்போதுதான் வந்த இளசுகள் மத்தியில் குள்ளமான ஒரு பெண்ணை யார் தேடப்போகிறார்கள்?

பெரோ வீட்டில் உட்கார்ந்து விடவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் காமெட்ஸ் அணி நடத்திய தேர்வு முகாமுக்கு போனார். ஓடினார், ஆடினார், எதிராளி கையில் இருந்து பந்தை பறித்து காட்டினார். பயிற்சியாளர் வான் சான்சலர் அவரை அணியில் எடுத்தார். முதல் சீசனிலேயே தொடக்கத்தில் இறங்கும் 5 பேரில் ஒருவரானார்.

காமெட்ஸ் அணியில் சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டினா தாம்ப்சன் என்று 3 பெரிய நட்சத்திரங்கள் இருந்தார்கள். புள்ளி எடுக்கும் வேலையை அவர்கள் பார்த்துக் கொண்டார்கள். கல்லூரியில் ஆட்டத்துக்கு 30 புள்ளி எடுத்த பெரோ, இங்கே தன் வேலையையே மாற்றிக் கொண்டார். பந்தை பறிப்பது, சரியான ஆளிடம் கொடுப்பது, எதிரணி பாயிண்ட் கார்டை மூச்சு விட விடாமல் துரத்துவது. பேப்பரில் படம் போடாத வேலைதான். ஆனால் அது இல்லாமல் கோப்பை இல்லை.

1997-ல் நியூயார்க் லிபர்ட்டி அணியை 65-51 என்று வென்று காமெட்ஸ் முதல் சாம்பியன் ஆனது. 1998-ல் 30 லீக் ஆட்டங்களில் 27-ல் வெற்றி, இறுதிப்போட்டியில் பீனிக்ஸ் அணியை வீழ்த்தி 2-வது கோப்பை. அந்த ஆண்டு சிறந்த தடுப்பாட்ட வீராங்கனை விருதுக்கான ஓட்டெடுப்பில் பெரோ 2-ம் இடம் பிடித்தார். எந்த அணியும் கேட்காத பெண், 2 வருஷத்தில் 2 கோப்பை!

இடி போல் வந்த செய்தி

1999 பிப்ரவரி மாதம் டாக்டர்கள் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் நோய் மூளைக்கும் பரவி இருந்தது. மூளையில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து அகற்றினார்கள். அதன் பிறகு கீமோதெரபி வேண்டாம் என்று முடிவு செய்து, மாற்று சிகிச்சைக்காக மெக்சிகோ போனார் பெரோ. பலன் கிடைக்கவில்லை. ஹூஸ்டனுக்கே திரும்பி வந்தவர், 1999 ஆகஸ்டு 19-ந் தேதி எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இறந்தார். நோய் தெரிந்து 6 மாதம்தான் ஆகியிருந்தது.

அப்போது சீசன் நடந்து கொண்டிருந்தது. தோழியை இழந்த சோகத்தோடு காமெட்ஸ் பெண்கள் தொடர்ந்து ஆடினார்கள். மீண்டும் இறுதிப்போட்டி, மீண்டும் எதிரே நியூயார்க். 2-வது ஆட்டத்தில் நியூயார்க்கின் தெரசா வெதர்ஸ்பூன் பாதி மைதானத்தில் இருந்து எறிந்த பந்து கடைசி நொடியில் கூடைக்குள் விழ, காமெட்ஸ் 68-67 என ஒரே புள்ளியில் தோற்றது. வெதர்ஸ்பூன் வேறு யாரும் இல்லை. 1998-ல் பெரோவை 2-ம் இடத்துக்கு தள்ளி தடுப்பாட்ட விருதை வாங்கியவர்.

மறுநாள் செப்டம்பர் 5-ந் தேதி கடைசி ஆட்டம். 3-வது கோப்பை கிம்முக்குத்தான் என்று ரசிகர்கள் முழக்கமிட, காமெட்ஸ் 59-47 என்று ஜெயித்தது. பெரோ இறந்து அன்றைக்கு 17-வது நாள்.

அழியாத பெயர்

அவர் போட்ட 10-ம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அணி நிர்வாகம் அறிவித்தது. லீக்கில் நேர்மையாக, பெருந்தன்மையோடு ஆடும் வீராங்கனைக்கு தரும் விருதுக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது. காமெட்ஸ் அணி 2008-ல் கலைக்கப்பட்ட பிறகும் அந்த விருது நிற்கவில்லை.

நம் நாட்டில் கல்லூரி முடித்த கூடைப்பந்து பெண்களுக்கு இன்றும் பெரிய நம்பிக்கை, ரெயில்வே போன்ற இடங்களில் கிடைக்கும் விளையாட்டு கோட்டா வேலைதான். அப்படி தெற்கு ரெயில்வேக்கு ஆடிய இந்திய வீராங்கனை கீது அன்னா ஜோஸ், 2011-ல் இதே டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கில் 3 அணிகளின் தேர்வு முகாமுக்கு போய் வந்தார். 6 அடிக்கு மேல் உயரம் இருந்தும் அவருக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

திறமை இருந்தும் கதவு திறக்காமல் போகலாம். பெரோவுக்கும் 7 வருஷம் திறக்கவில்லை. திறந்த அன்றைக்கு அவர் ஆட தயாராக இருந்தார். டிகிரி வாங்கிய கையோடு பந்தை பரணில் போடுவதா, வேண்டாமா என்று யோசிக்கிற நம்ம ஊர் பெண்களும், அவர்களை பெற்றவர்களும் இந்த 5 அடி 5 அங்குல பெண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.