மரத்தை வெட்டாமல் பட்டை எடுத்த தோட்டக்காரர்

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். ஸ்காட்லாந்துக்காரரான இவர் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்று, 1848ல் ஊட்டி வந்தார். ஆங்கிலேயர்கள் சந்தா சேர்த்துக் காய்கறி விளைவித்த இடத்தையும், அதை ஒட்டிய மலைச்சரிவையும் திருத்திப் பூங்காவாக மாற்ற, 10 ஆண்டுகள் பாடுபட்டார்.

1860களில் சின்கோனா சாகுபடியும் இவர் பொறுப்புக்கு வந்தது. மலேரியா காய்ச்சலுக்கு மருந்தான குயினைன், இம்மரத்தின் பட்டையில்தான் கிடைக்கும். தாயகமான தென் அமெரிக்கக் காடுகளில், பட்டைக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். மெக்ஐவர் அப்படிச் செய்யவில்லை. இடைவெளி விட்டு, பட்டையை நீளவாக்கில் கீற்றுகளாக உரித்தார். உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். அங்கே புதுப் பட்டை வளர்ந்தது. அதில் குயினைன் சத்தும் கூடியது. ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப அறுவடை செய்ய முடிந்தது.

மெக்ஐவர் 1876ல் மறைந்தார். அவர் காட்டிய பாடம் இன்றும் பொருந்தும். மருந்துக்காக வேம்பு, மருதம் பட்டை எடுப்போர், தண்டைச் சுற்றி முழு வளையமாக உரிக்கக் கூடாது. அப்படி உரித்தால், இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்காமல் மரம் பட்டுப்போகும். ஒரு பக்கம் சிறிதளவு எடுத்து, காயம் ஆறிய பிறகே அடுத்த பக்கம் கை வைக்க வேண்டும்.