சவாய் நடன அரங்கின் மன்னர் சிக் வெப்

ஸ்விங் இசைக்கு ஜோடி ஜோடியாக ஆடும் நடன விருந்துகள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன. வாத்தியக் குழு இல்லாத இரவுகளில் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் போடுவது டிஜேயின் பொறுப்பு. எந்தப் பாட்டுக்குக் கால்கள் தானாக எழும், எது ஆடுகிறவர்களை நாற்காலிக்குத் திருப்பி அனுப்பும் என்று யோசித்து, 1930களின் பதிவுகளை அவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்தத் தேடலில் ஒதுக்க முடியாத பெயர் சிக் வெப். நான்கடியைச் சற்றே தாண்டிய உயரமும் கூன் விழுந்த முதுகும் கொண்ட அந்த டிரம்ஸ் கலைஞர், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனவர். ஆயினும் அமெரிக்காவின் மிகப் பெரிய இசைக்குழுக்களே அவருடன் மோதத் தயங்கின.

பத்திரிகை விற்ற சிறுவன்

வில்லியம் ஹென்றி வெப் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே காசநோய் அவருடைய முதுகெலும்பைத் தாக்கியது. உடல் வளர்ச்சி நின்றது. முதுகு வளைந்தது. கோழிக்குஞ்சு என்ற பொருளில் மற்றவர்கள் வைத்த ‘சிக்’ என்ற பட்டப்பெயர் கடைசிவரை நிலைத்துவிட்டது.

இறுகிப்போன மூட்டுகள் தளரட்டும் என்று டிரம்ஸ் வாசிக்கும்படி மருத்துவர் ஒருவர் யோசனை கூறினார் எனச் சொல்லப்படுகிறது. கையில் காசில்லாத சிறுவன் முதலில் சட்டி பானைகளைத் தட்டிப் பழகினான். பிறகு தெருவில் பத்திரிகை விற்றுச் சேர்த்த பணத்தில் டிரம்ஸ் வாங்கினான். உல்லாசப் படகுகளில் வாசித்துக் கைத்தேர்ச்சி பெற்றபின், 1920களின் நடுவில் கிட்டார் கலைஞரான நண்பர் ஜான் ட்ரூஹார்ட்டுடன் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

புகழ்பெற்ற டியூக் எலிங்டன், 1926-இல் அவருக்கு வேலை கிடைக்கக் கைகொடுத்தார். ஆனால் குழுவைக் கட்டிக் காப்பது எளிதாக இல்லை. வேலை இல்லாத மாதங்கள் வந்தன. நல்ல கலைஞர்களைப் பெரிய குழுக்கள் அழைத்துக்கொண்டன. சாக்சபோன் மேதை ஜானி ஹாட்ஜஸ் 1928-இல் எலிங்டனிடம் போனார். வெப் ஒவ்வொரு முறையும் புதியவர்களைத் தேடிப் பிடித்து மீண்டும் குழுவை நிறுத்தினார்.

இசை நிற்காத அரங்கு

நியூயார்க்கின் ஹார்லம் வட்டாரத்தில் 1926 மார்ச் 12-ஆம் தேதி சவாய் நடன அரங்கு திறக்கப்பட்டது. ஒரு தெருவின் முழு நீளத்துக்கும் விரிந்த கட்டடம் அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடலாம் என்பது அக்கால அமெரிக்காவில் அரிய செய்தி. அங்கே இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு முடித்த கையோடு அடுத்த குழு தொடங்கும். ஆட்டம் நடுவில் அறுந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். இன்றைய டிஜேக்கள் ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததைத் தயாராக வைத்திருப்பதும் அதே காரணத்தால்தான்.

1931 முதல் சவாய் வெப்பின் வீடானது. உயரமான பலகை மேடையில், அவர் கால்களுக்கென்றே செய்த மிதிகளுடன் டிரம்ஸ் வைக்கப்பட்டது. பெரிய டிரம்ஸுக்குப் பின்னால் அவர் முகம் மட்டுமே தெரியும். இசைக் குறிப்பு எழுத்துகளை அவரால் படிக்க முடியாது. ஒவ்வொரு கருவியும் எங்கே சேர வேண்டும், எங்கே ஓய வேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்திருந்து, டிரம்ஸ் அடியாலேயே குழுவை நடத்தினார்.

அவர் கண் எப்போதும் தளத்தின் மீதே இருந்தது. ‘லிண்டி ஹாப்’ ஆடிய இளைஞர்கள் காலைத் தூக்கினாலும் சுழன்றாலும் அதற்கேற்ற அடி மேடையிலிருந்து வந்தது. ஃப்ராங்கி மேனிங் என்ற இளைஞர் 1935-இல் நடந்த ஒரு போட்டியில் தம் ஜோடியை முதுகின் மேலாகச் சுழற்றி மறுபுறம் இறக்கினார். லிண்டி ஹாப்பின் முதல் அந்தர அடி என்று பேசப்படும் அந்த ஆட்டத்துக்கு வாசித்தது வெப்பின் குழுதான்.

பாட்டு இவருடையது, புகழ் வேறொருவருக்கு

வெப் குழுவில் இருந்த எட்கர் சாம்ப்சன் அருமையான மெட்டுகளை அமைத்தவர். ‘ஸ்டாம்பின் அட் த சவாய்’, ‘டோன்ட் பி தட் வே’ ஆகிய இரண்டையும் வெப் குழு 1934-இலேயே இசைத்தட்டில் பதிந்தது. ஆனால் அவை நாடெங்கும் பரவியது வெள்ளைக்காரக் குழுத் தலைவர் பென்னி குட்மன் பின்னாளில் வாசித்தபோதுதான். வானொலியும் பெரிய ஓட்டல்களும் அவருக்குத் திறந்த அளவுக்குக் கறுப்பினக் குழுக்களுக்குத் திறக்கவில்லை. ‘ஸ்டாம்பின்’ பாட்டின் ஆசிரியர் வரிசையிலும் குட்மனின் பெயர் ஏறியது.

கணக்குத் தீர்க்கும் நாள் 1937 மே 11-ஆம் தேதி வந்தது. சவாயில் இரு குழுக்களும் நேருக்கு நேர் மோதின. உள்ளே சுமார் 4,000 பேர் திரண்டனர். இடமில்லாமல் வெளியே ஆயிரக்கணக்கானோர் நின்றனர். கூட்டத்தை அடக்கக் காவல்துறை வர வேண்டியதாயிற்று. ஆடுகிறவர்களின் கைதட்டல் வெற்றி யாருக்கு என்பதைச் சொல்லிவிட்டது. குட்மன் குழுவின் டிரம்ஸ் நட்சத்திரம் ஜீன் க்ருப்பா எழுந்து, வெப்புக்குத் தலை வணங்கினார்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் வருகை

1934 நவம்பரில் ஹார்லமின் அப்போலோ அரங்கில் நடந்த புதியவர் போட்டியில், ஆதரவற்ற 17 வயதுப் பெண் ஒருத்தி பாடி வென்றாள். அவள் பெயர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். அவளது எளிய தோற்றத்தைப் பார்த்து வெப் முதலில் தயங்கினார். யேல் பல்கலைக்கழக நடன நிகழ்ச்சி ஒன்றில் பாட வைத்துப் பார்த்தார். மாணவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. தயக்கத்தை விட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1938 மே மாதம், குழந்தைப் பாட்டு ஒன்றை ஒட்டி எல்லா பாடிய ‘எ டிஸ்கெட் எ டாஸ்கெட்’ பதிவாகி, நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் கைக்கு வந்த பெரும் வெற்றி அது.

அதை அனுபவிக்க உடல் இடம் தரவில்லை. முதுகு வலியோடு வாசித்துவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் மயங்கி விழும் நிலைக்கு வந்தார். தாம் நின்றால் குழுவில் உள்ளவர்களுக்கு வேலை இல்லாமல் போகும் என்பது அவருக்குத் தெரியும். பயணங்கள் தொடர்ந்தன. 1939 ஜூன் 16-ஆம் தேதி, பிறந்த ஊரான பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பின் உயிர் பிரிந்தது. இறுதிச் சடங்கில் எல்லா பாடினார். அதன்பின் குழுவைச் சில ஆண்டுகள் வழிநடத்தியவரும் அவரே.

தட்டில் எஞ்சியது

1958-இல் சவாய் மூடப்பட்டு, கட்டடமும் இடிக்கப்பட்டது. ஆட்டக்காரர் மேனிங் அஞ்சல் நிலையத்தில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார். 1980களில் இளைஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தனர். 2009-இல் இறக்கும்வரை உலகெங்கும் சென்று லிண்டி ஹாப் கற்றுக்கொடுத்தார். ஆட்டம் திரும்பியபோது அதற்குரிய இசையைத் தேடும் வேலையும் திரும்பியது.

வெப்பின் பதிவுகள் 1929 முதல் 1939 வரை பத்தே ஆண்டுகளுக்குள் அடங்கும். ஒவ்வொன்றும் பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம், ஏறக்குறைய மூன்று நிமிடம். அக்காலப் பதிவுக்கூடங்களால் அவர் டிரம்ஸின் முழு முழக்கத்தைப் பிடிக்க முடியவில்லை. பின்னாளில் அவை நீள்தட்டு, குறுந்தட்டு, இணையப் பதிவு எனப் பல வடிவங்களில் வந்தன. சிலவற்றில் தட்டின் இரைச்சலை நீக்கும்போது சிம்பலின் ஓசையும் சேர்ந்து போய்விட்டது. அதனால் விவரம் தெரிந்த டிஜேக்கள் ஒரே பாட்டின் இரண்டு மூன்று வெளியீடுகளைக் கேட்டு, எதில் டிரம்ஸ் தெளிவாக இருக்கிறதோ அதற்கே காசு கொடுக்கிறார்கள். குட்மனின் ‘ஸ்டாம்பின்’ கையில் இருந்தாலும் வெப்பின் 1934-ஆம் ஆண்டுப் பதிவையும் தேடி வாங்குகிறார்கள். வேகமாக ஆடக்கூடியவர்கள் கூடிய இரவுக்கு ‘ஹார்லம் காங்கோ’, அவருடைய கைவண்ணத்தைக் கேட்க ‘லைசா’ என்று பட்டியல் நீள்கிறது.

பிள்ளைப் பருவத்திலேயே நடை தளர்ந்தவர் சிக் வெப். அவர் போட்ட அடிக்கு இன்றும் எங்கோ ஓர் அரங்கில் பல நூறு கால்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன.