மேரி கியூரி அம்மையார்

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மேரி கியூரி அம்மையார் பிறந்தார். அந்நகர் அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பெண்கள் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர இயலாது. ஆதலால் மேரி, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்து, அவ்வூதியத்தைக் கொண்டு தம் தமக்கையின் மருத்துவப் படிப்புக்கு உதவினார். பின்னர் 1891இல் தாமும் பாரிஸ் சென்று, குளிர் மிகுந்த மாடியறையில் தங்கிப் பயின்று, பௌதிகத்தில் முதலாவதாகத் தேறினார்.

1895இல் பியர் கியூரி என்னும் அறிஞரை மணந்தார். இருவரும் 1898இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களைக் கண்டறிந்தனர். மழைக்கு ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கான கனிமக் கழிவைக் காய்ச்சி, 1902இல் ஒரு கிராமில் பத்திலொரு பங்கு ரேடிய உப்பைப் பிரித்தெடுத்தனர். 1903, 1911 ஆகிய ஈராண்டுகளிலும் அம்மையார் நோபல் பரிசு பெற்றார்.

கதிரியக்கத்தின் தீமையை அக்காலத்தார் நன்கு அறியார். இருளில் ஒளிரும் ரேடியக் குழாய்களை அம்மையார் சட்டைப் பையில் வைத்திருந்தார், வெறுங்கையால் தொட்டார். அவருடைய விரல் நுனிகள் புண்பட்டுத் தடித்தன. இறுதியில், குருதி ஊறும் எலும்பு மச்சை கெட்டு, 1934ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் இயற்கை எய்தினார். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் ஈயப் பெட்டிகளில் காக்கப்படுகின்றன. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும்.

அளவு சிறிதாயினும் அசட்டை கூடாது. ரேடியம் உடலுள் புகுந்தால், சுண்ணாம்புச் சத்தைப் போல எலும்பில் படிந்து உள்ளிருந்தே தாக்கும். ஆகவே, ஆய்வுக்கூடங்களில் உண்பதும் பருகுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. குழாயை வாயால் உறிஞ்சுதல் ஆகாது. கையுறை அணிதல், பணி முடிந்ததும் கை கழுவுதல், மேசையைக் கருவியால் சோதித்தல் ஆகியவை கட்டாயமாகும். குறைந்த நேரம், மிகுந்த தொலைவு, தக்க தடுப்பு ஆகிய மூன்றும் முதன்மையான காப்புகள். சிறு கதிர்மூலத்திலிருந்து தொலைவு இருமடங்கானால், தாக்கம் நான்கில் ஒன்றாகக் குறையும். நம் நாட்டிலும் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இப்பணிகளைக் கட்டுப்படுத்துகிறது.

தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் பெற்றோர், கை கழுவாமல் உணவைத் தொடமாட்டார்கள். இங்கும் முறை அதுவே. அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி மருத்துவமனைகளின் எக்ஸ்ரே அறை வாயிலில் மூவிதழ் எச்சரிக்கைச் சின்னத்தைக் காணும்போது, மாணவச் செல்வங்களே, அம்மையாரை நினைவிற் கொள்க. அவர்தம் உழைப்பைப் பின்பற்றுக. அவர் காலத்தார் அறியாத காப்பு முறைகளையும் கற்றுக்கொள்க.